பெரிய வார்த்தைகள்

டாக்டர் பஞ்சாட்சரம் வேதவல்லியின் மணிக்கட்டை விட்டார். சாதாரண ஜுரம்தான், இரண்டு நாள் கஞ்சி குடித்தால் போதும் என்று அவளிடம் தமிழில் சொன்னார். பிறகு கூடத்துக்குப் போய், அவள் கணவர் ஸ்ரீரங்கனிடம் தாழ்ந்த குரலில் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார்.

வேதவல்லி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

ஸ்ரீரங்கன் மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் வாத்தியார். கல்யாணமான நாளிலிருந்து மனைவிக்குத் தினம் ஐந்து வார்த்தைகளை அர்த்தத்தோடு நோட்டில் எழுதிக் கொடுத்து, சாயங்காலம் ஒப்பிக்கச் சொல்வார். எல்லாம் பெரிய பெரிய வார்த்தைகள். சின்ன வார்த்தைகள் தாமே வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் கட்சி.

நாலு வருஷமாகியும் ஒட்டவில்லை. யாராவது வேகமாக இங்கிலீஷ் பேசினால் பெரிய வார்த்தைகள் மட்டும் அவள் காதில் நிற்கும், மற்றதெல்லாம் ஓடிவிடும்.

அன்று மூன்று நின்றன. மேலிக்னன்ட், இம்மினென்ட் இரண்டும் டாக்டர் சொன்னவை. மூன்றாவதை ஸ்ரீரங்கன் சொன்னார், கெஞ்சுகிற குரலில்: கன்ஸீல்.

டாக்டர் அவர் தோளில் சற்று நேரம் கை வைத்திருந்தார். வாசலுக்குப் போனவர் திரும்பி, உள்ளே பார்த்து, "அவர் வேளைக்குச் சாப்பிடறாரான்னு பார்த்துக்கோங்கம்மா" என்றார்.

டாக்டரும், வழியனுப்ப ஸ்ரீரங்கனும் வெளியே போனதும் வேதவல்லி நோட்டைப் புரட்டினாள். மேலிக்னன்ட்: கொடியது, நோயானால் உயிரைக் கொண்டுபோவது. இம்மினென்ட்: நெருங்கி வந்துவிட்டது. கன்ஸீல்: பிறர் அறியாமல் மறைத்தல். எல்லாம் அவருடைய குண்டு குண்டான கையெழுத்து. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

ஜுரம் மூன்றாம் நாள் விட்டது. விட்ட மாதிரி பாசாங்கு பண்ணுகிறது என்று நினைத்துக்கொண்டாள். கோலம் போட்டாள், சமைத்தாள். ரசத்தில் உப்பு போட்டோமா என்பதுகூட நினைவில் நிற்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லாமல், இலையில் பாதியை வைத்துவிட்டு எழுந்தார். துக்கத்தில் சோறு இறங்கவில்லை, பாவம்.

தனக்குப் பிறகு இவரை யார் பார்ப்பார்கள் என்ற ஒரு கேள்விதான் அவளிடம் மிச்சமிருந்தது. மனுஷருக்கு வெந்நீர் வைத்துக்கொள்ளக்கூடத் தெரியாது.

வெள்ளிக்கிழமை ஜட்கா வைத்துக்கொண்டு மாம்பலத்தில் சித்தி வீட்டுக்குப் போனாள். சித்தப்பா காலமான பிறகு, சித்தி மகள் ஜெயலக்ஷ்மி இருபது வயதாகியும் கல்யாணமாகாமல் இருந்தாள். வேதவல்லி விஷயத்தை நாலே வாக்கியத்தில் சொன்னாள். சித்தி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி என்றாள். ஜெயலக்ஷ்மியை யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் ஸ்ரீரங்கன் வந்து, தலைப்பாகையைக்கூட எடுக்காமல் ஊஞ்சலில் உட்கார்ந்தார். வேதவல்லி காபியைப் பக்கத்தில் வைத்தாள்.

"எனக்கு எல்லாம் தெரியும். நீங்க இனிமே மறைக்க வேண்டாம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் போனப்புறம் ஜெயலக்ஷ்மியைப் பண்ணிக்கோங்கோ. சித்தி ஒத்துண்டுட்டா. நல்ல பொண்ணு, உங்க வாய்க்கு ஏத்த மாதிரி சமைப்பா."

அவர் காபியைத் தள்ளி வைத்தார். பிறகு, டாக்டர் பேசியதில் அவள் காதில் என்ன விழுந்தது என்று கேட்டார். அவள் எப்போதும் போல எதிரில் நின்று, மூன்று வார்த்தைகளையும் அர்த்தத்தோடு ஒப்பித்தாள். உச்சரிப்பில்கூடப் பிசகில்லை.

ஸ்ரீரங்கன் அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"அர்த்தமெல்லாம் சரி, வேதா. வியாதி எனக்கு."