கற்பித்தவர் பெயர்

பல் மருத்துவ நுழைவுத் தேர்வில் பெனிட்டாதான் மாவட்டத்தில் முதல். ஆனால் போன் திரையில் சிவப்பாக ஒரு வரி: "கற்பித்தவர் பெயர் இல்லாத மதிப்பெண் செல்லாது." கீழே நாற்பது பயிற்சி மையங்களின் பட்டியல். 'நானே படித்தேன்' என்பதற்கு அதில் இடமே இல்லை.

இரண்டு வருஷம் நூலகப் புத்தகங்களை வைத்துத் தனியாகப் படித்தவள் அவள். நுழைவுத் தேர்வில் பல் வடிவம் செதுக்கிக் காட்டும் பகுதிக்காக வீட்டுச் சோப்பையெல்லாம் கடைவாய்ப்பல்லாகச் செதுக்கிப் பழகினாள். வீடே அந்தப் பற்களைத் தேய்த்துத்தான் குளித்தது.

"ஏதாவது ஒண்ண அமுக்குடி. சீட்டு கிடைச்சாப் போதும்," என்றாள் அம்மா ஜெபராணி.

"மையத்துக்காரன் ஊர் பூரா என் மூஞ்சிய ஒட்டி 'எங்கள் மாணவி'ன்னு போடுவான். அவன் வாசல நான் மிதிச்சிருக்கேனா?"

அம்மா எட்டி, பட்டியலின் முதல் பெயரை அமுக்கிவிட்டாள். திரை பச்சையானது.

மறு நிமிஷமே அந்த மையத்திலிருந்து பாராட்டு விழா அழைப்பு வந்தது. மேடையில் அவள் வாசிக்க வேண்டிய நன்றியுரையும் கூடவே வந்தது. 'தனியாகப் படித்திருந்தால் நான் தோற்றுப்போயிருப்பேன்' என்று அது தொடங்கியது.

பெனிட்டா போனை அம்மாவின் மடியில் விட்டெறிந்தாள்.

"பேர நீதான அமுக்குன? இதையும் நீயே போய் வாசி!"