மணிக்கட்டுப் படம்

14.6.2006, புதன்.

ராபர்ட் ஓவன் ஆலைச் சட்டம் போட்டார் என்று நேற்று எழுதியது தவறு. சட்டம் வேண்டும் என்று கேட்டவர்தான் அவர், போட்டது பார்லிமென்ட். மாலை வகுப்பில் சந்திரகலா டீச்சர் திருத்தினார். பத்தாம் வகுப்புப் பாடம்தான். என்னுடன் படிப்பவர்களில் பாதிப் பேர் பிள்ளை பெற்றவர்கள்; அவர்கள் சரியாக எழுதியிருந்தார்கள்.

காலையில் அவசரமாக முகம் மழித்ததில் தாடையில் கீறல். தினமும் மழிக்க வேண்டும் என்பது ரூமில் இருக்கும் ஐயப்பன் அண்ணன் சொன்ன யோசனை. நான் ஒருநாளும் விடுவதில்லை.

துபாய்க்குப் பக்கத்தில், அஜ்மானில் உள்ள தையல் ஃபேக்டரியில் எனக்குப் பட்டன் மெஷினில் வேலை. டீ நேரத்தில் பாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது முதலாளி கௌஸ் முகைதீன் வந்து நின்றார்.

"என்ன பாடம் தம்பி?"

சொன்னேன். இருநூறு வருடத்துக்கு முன் ஒரு பஞ்சாலை முதலாளி. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு எடுக்காமல் பள்ளிக்கூடம் நடத்தினார் என்று. முதலாளி புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நல்ல மனிதர். யாரும் கேட்காமலே எங்கள் ஹாலுக்கு ஏசி போட்டவர்.

டீ முடிந்ததும் எல்லோரையும் கூப்பிட்டார்.

"ஏஜெண்டு பாஸ்போர்ட்டுல என்ன வயசு வேணாலும் போடுவான். எலும்பு பொய் சொல்லாது. நாளைக்கு எல்லாருக்கும் மணிக்கட்டுல எக்ஸ்ரே. பதினெட்டுக்குக் கீழ யாராச்சும் இருந்தா நான் திட்ட மாட்டேன். டிக்கெட் நான் போடுறேன், ஊருக்குப் போய்ப் படிக்கட்டும். அல்லாஹ்கிட்ட நான் பதில் சொல்லணும்ல."

பிறகு என் தோளில் கை வைத்தார். "தம்பி, நீங்க படிச்ச ஆளு. முதல்ல நீங்க கைய வைங்க. மத்தவங்க பயப்பட மாட்டாங்க."

"சரி முதலாளி" என்றேன். அவரிடம் பாடத்தைச் சொன்னது சரிதானா என்று தெரியவில்லை.

ரூமுக்கு வந்ததும் எல்லோரும் கட்டிங் மாஸ்டர் சேதுராமனைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் என் தோள் உயரம்தான் இருப்பார்.

"சேது, பால் பல்லு விழுந்திருச்சா?"

"போங்கடா. எனக்கு ரெண்டு பிள்ளைக. மூத்தவன் ஸ்கூலுக்குப் போறான்."

"அதுவும் ஏஜெண்டு ஏற்பாடுதானா?"

ரூமே சிரித்தது. மாவு பிசைந்துகொண்டிருந்த ஐயப்பன் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

"ஊருக்கு அனுப்பிட்டா யாருய்யா படிக்க வைப்பா? திரும்பவும் செங்கல் சூளைதான். முதலாளிக்கு அதெல்லாம் தெரியுமா?"

சேதுராமன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வெளியே போனார்கள்.

ஐயப்பன் அண்ணன் கையைக் கழுவிவிட்டு என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"படம் எடுக்கறதுக்கு முன்னாடி நீயே முதலாளிகிட்டச் சொல்லிடுடா. உனக்கு இன்னும் பதினஞ்சே முடியல."

நாளை: எக்ஸ்ரேக்குப் போகக் காலை ஏழு மணிக்கு வேன். அதற்கு முன் சந்திரகலா டீச்சருக்குப் போன் செய்து, இனி வகுப்புக்கு வர மாட்டேன் என்று சொல்ல வேண்டும்.