பண்ணை வீட்டுக்கு மதிப்பெண்

நாலாபக்கமும் அடுக்குமாடிகள் முளைத்துவிட்ட அந்தப் பண்ணை வீட்டைத் தெருவில் நின்றபடியே கண்ணால் அளந்துவிட்டு, உதட்டைப் பிதுக்கினார் பாரம்பரியத் துறை அதிகாரி.

"ஒரு தூண்கூட இல்ல. கதவு இத்துனூண்டு. சுவர் மொட்டையா நிக்குது. இதைப் போய் எப்படிம்மா பாதுகாக்கச் சொல்றது?"

"நான் அப்பவே சொல்லல?" என்று குதூகலித்தார் எதிர் ஃபிளாட்காரர். "இடிச்சா தெருவாவது லட்சணமா இருக்கும்."

வீட்டுக்காரி அசரவில்லை. "பாத்து முடிச்சாச்சா சார்?"

"இன்னும் பாக்க என்னம்மா இருக்கு?"

"வீடு இருக்கு சார். நீங்க இவ்வளவு நேரம் பாத்தது கொல்லைப்புறம். இதைக் கட்டினப்போ இந்தத் தெருவே பொறக்கல. வாசல் அந்தப் பக்கம், அப்போ வயல் இருந்த திசையில. வாங்க."

சுற்றிக்கொண்டு போன அதிகாரி, வரிசையாக நின்ற தூண்களையும் யானை நுழைகிற கதவையும் அண்ணாந்து பார்த்தார். செருப்பைக் கழற்றினார்.