சித்தப்பாவின் கட்டம்

அக்கா அவன் வாயோரத்தைத் துடைத்தாள். துடைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மேசைமேல் ஒரு தாள், குடும்ப வரைபடம். ஆண்களுக்குக் கட்டம், பெண்களுக்கு வட்டம், நோய் வந்தவர்களுக்குக் கறுப்பு. அவனுடைய கட்டத்தை டாக்டர் ஏற்கெனவே கறுப்பாக்கியிருந்தார்.

தசையை ஆட்டும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகிற நோய். முதலில் வலது கை. இப்போது நாக்கு.

பரம்பரையாக வருகிறதா என்று தேடுகிறார்கள். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்திருந்தால் அக்காவும் ரத்தம் கொடுக்க வேண்டும். அக்காவின் மகளும்.

அப்பா லாரி மோதி இளவயதிலேயே போனவர். டாக்டரின் பேனா பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்தது.

சித்தப்பா.

குடித்தே செத்தார் என்று அக்கா முந்திக்கொண்டாள். தள்ளாடுவார், நாக்கு குழறும், எச்சில் ஒழுகும்.

அவர் குடித்ததை யாராவது பார்த்தீர்களா என்று கேட்டார் டாக்டர்.

அக்கா கையிலிருந்த துணியை மடித்தாள்.

அவன் கல்யாணப் பந்தி. இலையில் எச்சில் வடிய உட்கார்ந்திருந்தவரைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி வாசலில் தள்ளியவன் அவன்தான். புது மாப்பிள்ளை. பட்டு வேட்டி.

சித்தப்பாவின் கை குச்சியாக இருந்தது. முகத்துக்கு நேரே ஏதோ சொன்னார். பாயச வாசனை. ஏலக்காய்.

வேறு வாடையே இல்லை.

அன்றைக்கே அவனுக்குத் தெரியும்.

அந்த ஏலக்காய் இப்போது மூக்கில் ஏறியது.

அக்கா அவன் காதோரம் குனிந்தாள்.

"அவரு குடிகாரராவே இருந்துட்டுப் போகட்டும்லே. எம் பிள்ளைக்கு இப்பதான் நிச்சயம் ஆயிருக்கு."

அவன் வாயைத் திறந்தான். அவர் குடிக்கவில்லை என்றான். வார்த்தைகள் கூழாகிச் சட்டையில் வழிந்தன.

டாக்டருக்குப் புரியவில்லை. அக்காவைப் பார்த்தார்.

"ஆமா, குடிப்பாருன்னு சொல்லுதான்."

மறுபடி வாயைத் துடைத்தாள். இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை. துணியை எடுக்கவும் இல்லை. அங்கேயே அழுத்திப் பிடித்துக்கொண்டாள். துணியில் அவனுடைய வாடை அவனுக்கே அடித்தது.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அடுத்த தாளைத் தேடினார்.

இடது கையில் இரண்டு விரல்களுக்கு மட்டும் அசைவு மிச்சம். அவன் பேனாவை எடுத்தான்.

சித்தப்பாவின் கட்டம் கறுப்பாக வெகுநேரம் ஆயிற்று. யாரும் தடுக்கவில்லை.

முடித்து எடுக்கும்போது கை நழுவியது. கோடு கீழே இறங்கி அக்காவின் வட்டத்தில் போய் நின்றது.