தெற்கே திரும்பிய கப்பல்

நான்கு மணிக்குத் தேடலை நிறுத்தச் சொல்லிக் கரையிலுள்ள மீட்பு மையத்திலிருந்து உத்தரவு வந்தது.

காலையிலிருந்தே மழை விடவில்லை. மூடுபனியில் கப்பலின் முன்பக்கமே மங்கலாகத்தான் தெரிந்தது.

மினிக் நேற்று விடியற்காலையில் தனியாக சீல் வேட்டைக்குப் போனவன். இன்று காலை எட்டு மணிக்கு அவன் படகு பனிப்பாறைகளுக்கு நடுவே கவிழ்ந்து கிடந்தது. அவன் இல்லை.

ஹெலிகாப்டர் பறக்க வழியில்லை. கிழக்கு கிரீன்லாந்தின் அந்தக் கரையில் ஊர்ப் படகுகளை விட்டால் இருந்தது இந்தச் சுற்றுலாக் கப்பல் ஒன்றுதான். ஊரைப் பார்க்க வந்த நூறு பயணிகளும் சிவப்பு ஜாக்கெட் நனைய நனைய மேல்தளத்தில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருவர் மட்டும் அவியாயாவிடம் வந்து, "அப்போ கரடி பாக்கறது நாளைக்குத்தானா?" என்று கேட்டார். கேட்ட பிறகு அவருக்கே வெட்கமாகி உள்ளே போய்விட்டார்.

அவியாயா கப்பலின் வழிகாட்டி. அவளுக்கும் அதே ஊர். மினிக்கின் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. போன வாரம்தான் அவன் படகைக் கப்பலை ஒட்டி ஓட்டிவந்து, "ஏய், உன் தக்காளிங்கள்லாம் பத்திரமா இருக்காங்களா?" என்று கத்திவிட்டுப் போனான். சிவப்பு ஜாக்கெட்காரர்களுக்கு அவன் வைத்த பெயர் அது.

கேப்டன் வயர்லெஸ்ஸை அவள் கையில் கொடுத்தார்.

"இந்தத் தண்ணில ஒரு மணி நேரம் தாங்கறதே பெரிசு. உனக்கே தெரியும். உங்க பாஷையில நீயே அவங்க வீட்டுக்குச் சொல்லிடும்மா."

தேடிய இடத்தை விட்டுக் கப்பல் மெல்லத் தெற்கே திரும்பியது.

அவள் வெளியே வந்து மழையில் நின்றாள். சொல்ல வேண்டியதை மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். பொத்தானை அழுத்தினாள்.

"சொல்லும்மா," என்றார் மினிக்கின் அப்பா எனோக். காலையிலிருந்து மணிக்கொரு முறை அவள் அழைக்கும்போதெல்லாம் அதே சொல்தான்.

அவருக்குப் பின்னாலிருந்து மினிக்கின் அம்மா தபிதாவின் குரல் கேட்டது. "என்னவாம்? என்னவாம்?"

தயார் செய்து வைத்திருந்தது எதுவும் வாயில் வரவில்லை.

"தேடிக்கிட்டுதான் இருக்கோம், மாமா."

வயர்லெஸ்ஸில் வெறும் இரைச்சல்.

தேடிய எட்டு மணி நேரமும் அசையாத மூடுபனி அப்போதுதான் கலையத் தொடங்கியது. கரையில் முதலில் தேவாலயம் தெரிந்தது. பிறகு நீல வீடுகள், மஞ்சள் வீடுகள். எல்லாவற்றுக்கும் மேலே, பாறை உச்சியில், எனோக்கின் வீடு.

"ஜன்னல்கிட்டதாம்மா நிக்கறேன்." அவர் குரல் இறங்கியிருந்தது. "பனி விலகிருச்சு. கப்பல் எந்தப் பக்கம் போகுதுன்னு நல்லாத் தெரியுது."

அவள் அந்த ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள்.

"உங்க அத்தை அடுப்புகிட்ட உக்காந்திருக்கா. அவளுக்குச் சரியாக் கேக்கலையாம். நீ சொன்னதையே இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாச் சொல்லு."