விழாதவள்

அறையில் இருந்தவர்கள்: தேர்வாளர் தாமோதரன், அனிமேஷன் துறைத் தலைவி ஹேமலதா, இறுதியாண்டு மாணவி அருள்செல்வி, திரையில் அவள் வரைந்த குண்டுப் பெண். அந்தப் பெண் வாழைப்பழத் தோலை மிதித்தாள், லேசாகச் சறுக்கினாள், நிமிர்ந்து நடந்து போனாள். படம் முடிந்தது.

"விழவே இல்லையேம்மா. அப்புறம் எப்படிச் சிரிப்பு வரும்?" என்றார் தாமோதரன்.

"ஒவ்வொரு அசைவையும் கண்ணாடி முன்னாடி நானே நடந்து பாத்துத்தான் சார் வரைஞ்சேன். நிஜத் தோலைப் போட்டு மிதிச்சேன். நாப்பது தடவை. ஒரு தடவைகூட விழல."

தாமோதரன் அவள் உடம்பை ஒருமுறை பார்த்துவிட்டு மதிப்பெண் தாளில் குனிந்துகொண்டார்.

"இன்னும் அறுபது படம் வரைஞ்சு அவள விழ வை, அருள். இல்லன்னா ஃபெயில்தான்," என்றார் ஹேமலதா.

மறுநாள், அதே மூவர் முன்னால், புதிதாக வரைந்த அறுபது படங்களும் திரையில் ஓடின. குண்டுப் பெண் திரும்பி வந்தாள். தோலைக் குனிந்து எடுத்து, பார்ப்பவர்கள் பக்கமாக வீசினாள். தாமோதரன் சட்டென்று தலையைச் சாய்த்து விலகினார். பிறகு தன்னையும் மீறிச் சிரித்தார். ஹேமலதா திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அதற்குள் திரையில் குண்டுப் பெண் ஒரு கதவைத் திறந்து வெளியே போய்ச் சாத்திவிட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து பூட்டும் சத்தம் கேட்டது.