முதுகுக்குச் சீமெந்து

“முதுகுக்குள்ள சீமெந்து போடவா? நீ என்னகா ஸுலைஹா, மதகா?”

ஆஸ்பத்திரிக்குப் போக வாடகை வானில் ஏறும் நேரம் பார்த்து, அடுத்த வீட்டு ஆமினா உம்மா தன் வாசல் படலையில் நின்று கேட்டாள். தெருவுக்கே கேட்டது.

“ஓம், மதகுதான். இன்னும் ஆக்கள் கடக்க இருக்கு,” என்றாள் ஸுலைஹா, மகளின் தோளைப் பிடித்தபடி.

“சுனாமிக்கு முறியாத முதுகு, வெள்ள நிவாரண அரிசி மூடைக்கு முறிஞ்சிட்டு. ஆச ஆர விட்ட?”

வான் கிளம்பியதும் மகள் அஸ்பியா பொரிந்தாள்.

“நாம ஒரு சுண்டு நிவாரண அரிசி எடுத்தமா உம்மா? ரெண்டு மாசமா ஊரெல்லாம் செல்லித் திரியிறா. நீங்க ஏன் வாய் திறக்கல்ல?”

“ஊர் வாய அடைக்கச் சீமெந்து இல்ல மகள்.”

கண்டியில் டொக்டர் படத்தைக் காட்டினார். எலும்பெல்லாம் பாண் ரொட்டித் துண்டு போல ஓட்டை விழுந்து, அதில் ஒன்று நசுங்கிக் கிடந்தது.

“வெட்டத் தேவையில்ல. ஊசியால சீமெந்த உள்ள விட்டா இறுகிடும். இது எப்பிடி நடந்த?”

“பாரமா ஒண்டத் தனியாத் தூக்கினன். டக்கெண்டு ஒரு சத்தம்.”

“எண்டைக்கு?”

“வெள்ளம் வடிஞ்ச வெள்ளிக்கிழம. ஜும்ஆவுக்கு முந்தி.”

அஸ்பியா திடுக்கிட்டாள். ஆமினா உம்மாவின் தாய் மௌத்தாகி அடக்கம் செய்த நாள் அது. அன்று உம்மா, வழக்கம்போல, அந்த மையித்தைக் குளிப்பாட்டப் போனவள். வேறெதையும் தூக்கவில்லை.

“உம்மா, மகள்தானே கூட நிண்டு தூக்கோணும்? ஆமினா மாமி எங்க போன?”

“திரைக்குள்ள நடந்தது அமானிதம். குளிப்பாட்டினவ வெளிய கதைக்கப்படா.”

மூன்றாம் நாள் ஸுலைஹா தன் காலால் நடந்து வந்து வானை விட்டு இறங்கினாள்.

படலையில் ஆமினா உம்மா.

“மதகு நிமிர்ந்திட்டு. ஆனா இனி மையித்துப் பக்கம் போகாத புள்ள. அதுக்கு நெஞ்சுரம் வேணும். எண்ட உம்மாவ நான் தனியாத்தானே தூக்கிக் குளிப்பாட்டின. நீ தண்ணி மட்டும்தானே ஊத்தின.”

நாலைந்து பெண்கள் பார்த்து நின்றார்கள். அஸ்பியா வாயைத் திறந்தாள். ஸுலைஹா அவள் கையை அழுத்தினாள்.

“ஓம் ஆமினா, நீதான் தூக்கின. நான் இனியும் போவன், தண்ணி ஊத்த. பாரம் தூக்கப்படா எண்டு டொக்டர் செல்லிட்டார். அடுத்த மையித்துக்கு நீ வந்து தூக்கு.”